நான்காம் நம்பர் பேட்டரி

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியோடு வந்து மச்சினன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மாலை நான்கு மணிகூட ஆகவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. பேய்க்கு ஏற்ற நேரமே அல்ல. அதனால்தான் அவர் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

கீழ்த்தளம் அப்படியே இருந்தது. மாடியிலிருந்த ஒற்றை அறைக்கு மட்டும் கூரை இல்லை. ஏழு வாரங்களுக்கு முன் அங்கேதான், சார்ஜில் போட்டிருந்த ட்ரோன் பேட்டரி தீப்பிடித்து, மச்சினன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். படிக்கட்டு பலவீனமாக இருக்கிறது, மேலிருந்து படம் எடுத்துக் கொடுங்கள் என்று சேதத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர் சொல்லியிருந்தார். அந்தக் குடும்பத்தில் ட்ரோன் பறக்கவிடும் ஆள் இனி கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர்தான்.

"எந்தக் குப்பைக் கடையில அந்த பேட்டரிய வாங்கினானோ," என்றாள் மனைவி, மேலே பார்த்தபடி. "அவனுக்கு எதுலயுமே அவசரம். சொன்னாக் கேட்டாத்தானே."

அவர் ட்ரோனைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்.

பேட்டரி விஷயத்தில் அவர் பெரிய வாத்தியார். ஒவ்வொன்றிலும் வெள்ளை மார்க்கரில் நம்பர் எழுதுவார். பாதி சார்ஜில்தான் பெட்டியில் வைப்பார். சூடு ஆறாததைச் சார்ஜில் போடமாட்டார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பாடம் எடுப்பார். ஆனால் நான்காம் நம்பர் கீழே விழுந்து உப்பியபோது, அதைக் கழிவு மையத்தில் ஒப்படைக்கச் சோம்பல். இழுப்பறையில் கிடந்ததை மச்சினன் கேட்டதும், நம்பரை அழுத்தித் துடைத்துவிட்டுத் தூக்கிக் கொடுத்தார். வாத்தியாரின் பேட்டரி உப்பிவிட்டது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே!

"மாமா, கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கே?"

"ஒண்ணும் ஆகாது மாப்ள. சார்ஜ்ல போட்டுட்டு நிம்மதியா தூங்கு."

தூங்கினான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் ஏழு வாரமாக மறைத்துக்கொண்டிருந்தார். செத்தவன் தலையில் பழி விழுந்தது. கூடப் பிறந்தவளே அவனைத் தினமும் திட்டினாள். உண்மை தெரிந்தால் அவள் தன்னோடு ஒரு நாள்கூட இருக்கமாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ட்ரோன் ரீங்காரத்தோடு எழும்பியது.

"நாம பேசறதும் இதுல பதியுமா?" என்று கேட்டாள் மனைவி.

"பதியாது. இதுல மைக்கே கிடையாது. இறக்கை சுத்தற இரைச்சல்ல என்னத்தக் கேக்கப் போற?"

கையிலிருந்த திரையில் எரிந்த அறை தெரிந்தது. சாம்பல். கட்டிலின் இரும்புச் சட்டம். கருகிய மேசை. மேசை மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி, சார்ஜர் விளக்கு மாதிரி, அணைந்து அணைந்து எரிந்தது.

அந்த வீட்டில் ஏழு வாரமாக மின்சாரம் இல்லை.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் பேட்டரி எண்பது சதவீதத்திலிருந்து பதினைந்துக்கு இறங்கியது. சார்ஜ் தீர்ந்தால் ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிடும். திரும்புகிறேன் என்றுதான் திரையும் சொன்னது. அவர் வாசலை விட்டு விலகி, அதற்கு இடம் கொடுத்து நின்றார்.

அது வாசலுக்கு வரவில்லை. கூரை இல்லாத அறைக்குள், தன் வீட்டுக்குப் போவது போல, நிதானமாக இறங்கியது.

"விழுந்துடுச்சா? நான் போய்ப் பாக்கறேன்," என்று மனைவி படியை நோக்கி நடந்தாள்.

"நீ இரு!" அவர் கத்திவிட்டார். "நான் போறேன்."

படியேறும்போதே வாசனை வந்தது. நகப்பூச்சு மாதிரி ஒரு தித்திப்பு. உப்பிய பேட்டரி விரிசல் விட்டால் வரும் வாசனை அது. ஏழு வாரத்துக்குப் பிறகு கரி வாசனை இருக்கலாம். இது இருக்கக் கூடாது.

ட்ரோன் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. சார்ஜர் உருகி ஒட்டிய அதே இடத்தில். அதன் கேமரா கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அவரைப் பார்த்து.

பேட்டரி உப்பிப் பிதுங்கி நின்றது. அதன்மேல் வெள்ளை மார்க்கரில், அவருடைய கையெழுத்தில், 4.



"மாப்ள," என்றார், தொண்டைக்குள்ளேயே. "நான்தான்டா குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். மன்னிச்சுடுடா. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

கட்டில் சட்டம் கிரீச்சிட்டது. யாரோ எழுந்து உட்காரும் சத்தம்.

ட்ரோனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஒரு படி உடைந்து முழங்கால் கிழிந்தது. வாசல் வெளிச்சத்தில் நின்று பார்த்தால் அது இரண்டாம் நம்பர் பேட்டரி. உப்பவில்லை, சில்லென்றிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படுக்கையறையில் சார்ஜரின் வயரைப் பிடுங்கினார். பேட்டரிகளை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது மனைவி கூடத்தில் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள். ட்ரோனின் மெமரி கார்டைப் போட்டிருந்தாள். திரையில் கருகிய கதவு, அதில் அவருடைய முகம். உதடுகள் அசைந்தன. நல்லவேளை, மைக் கிடையாது என்று மூச்சை விட்டார்.

"நான்தான்டா குடுத்தேன்," என்றது லேப்டாப். "தெரிஞ்சேதான் குடுத்தேன்."

இறக்கை இரைச்சல்கூட இல்லாமல், காதருகே சொன்னது போல.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

கட்டில் கிரீச்சிடும் சத்தம். பிறகு ஓர் இளங்குரல்.

"அக்கா, கேட்டியா?"

"கேட்டேன்டா," என்றாள் அவள்.

எழுந்து கைப்பையை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனாள். அவர் பின்னால் ஓடுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. பூட்டுக்குள் சாவி திரும்பியது.

வீட்டின் ஒரே சாவி உள்ளே, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுத் திருகினார், பூட்டு அசையவில்லை.

"ஒண்ணும் ஆகாது மாமா," என்றது லேப்டாப். "நிம்மதியா தூங்குங்க."

நகப்பூச்சு வாசனை கூடமெங்கும் பரவியது. படுக்கையறைக் கதவின் அடியில் ஒரு சிவப்பு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.