இரண்டாம் இருக்கை

தோற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்த பிறகும் இசக்கியம்மாள் போகவில்லை. தூத்துக்குடி ஆழ்கடல் நிலையத்தின் கேன்டீனில் உட்கார்ந்து டீக்கு மேல் டீயாகக் குடித்துக்கொண்டிருந்தாள். எட்டு ஓட்டுநர்களில் இருவருக்குத்தான் ஆழியூர்தியில் இடம். அடுத்த பயணம் பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான். அவளோ முதல் சுற்றிலேயே வெளியே. தோற்கடித்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன் மனைவி வடிவு.

மதியத்துக்குள் முடிவு வந்துவிட்டது. வடிவு முதலிடம். இறுதிச் சுற்றில் அவளிடம் தோற்ற வில்வராயன் இரண்டாமிடம். இசக்கி தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நேரே தேர்வு அதிகாரி பரமார்த்தலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

"சார், நான் யாருகிட்ட தோத்தேன்?"

"உங்க மைனிகிட்ட."

"மைனி யாருகிட்டயாவது தோத்தாவளா?"

"இல்ல."

"அப்ப மைனி என்னைய விட ஒசத்தி, அவ்வளவுதான தெரியும்? வில்வராயன் அண்ணாச்சி என்னைய விட ஒசத்தின்னு எந்த எந்திரம் சொல்லிச்சு?"

லிங்கம் முடிவுத் தாளை எடுத்து மறுபடி பார்த்தார்.

மதிப்பெண்களை ஒழித்த பிறகு வந்த எந்திரம்தான் ஒப்புமானி. இரண்டு பேரின் தலையில் ஒரே பொய்க்கடலை உண்டாக்கி, அதில் யார் நன்றாக ஓட்டுகிறார் என்று மட்டும் சொல்லும். எவ்வளவு நன்றாக என்று சொல்லாது. சமையலோ சங்கீதமோ, எதற்கும் அப்படித்தான். நான்கு முறைக்கு மேல் மூளை அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் எந்திரம் சொல்வதும் குறி சொல்வதும் ஒன்றுதான். ஆகவே ஒரு மனிதருக்கு ஆயுளுக்கும் நான்கே ஒப்பீடு. மணிக்கட்டில் பச்சையாக நான்கு புள்ளிகள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒன்று அழியும். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று திட்டும் அப்பாவிடம், "வாங்க எந்திரத்துக்கு, ஒரு புள்ளி போனாப் போகுது" என்று பிள்ளைகள் கையை நீட்டிவிடுவதால், அப்பாக்கள் அந்த வசனத்தையே விட்டுவிட்டார்கள். உலகம் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

"ரெண்டாவது ஆளு முதல் ஆளுகிட்ட மட்டும்தான் தோத்துருக்கணும்," என்றாள் இசக்கி. "அப்படி மூணு பேர்தான் இருக்கோம். முதல் சுத்துல நான், ரெண்டாம் சுத்துல புளோரா, கடைசியில அண்ணாச்சி. நானும் புளோராவும் ஒரு தடவை. செயிச்ச ஆளு அண்ணாச்சி கூட ஒரு தடவை. சோலி முடிஞ்சிது. என்கிட்ட மூணு புள்ளி இருக்கு, அவகிட்ட ரெண்டு."

"வில்வராயன்கிட்ட?"

"ஒண்ணே ஒண்ணு," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

கணக்கு சரி என்பதில் லிங்கத்துக்குச் சந்தேகமில்லை. ஆனால் கைக்கு வந்த இருக்கையைப் பணயம் வைத்து, ஆயுளின் கடைசிப் புள்ளியையும் யார் கொடுப்பார்? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற ஆளா வில்வராயன்? இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டார்.

வில்வராயன் முழுவதையும் கேட்டுவிட்டு, "பிள்ள சரியாத்தான சொல்லுது. போட்ருவோம்," என்று சட்டைக் கையை மடித்தார்.

இசக்கி புளோராவை வென்றாள். பிறகு வில்வராயனையும் வென்றாள். எந்திரத்தின் கதவைத் திறந்து வெளியே வந்ததும் அழுதாள். வடிவு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "ஏட்டி, வீட்ல சண்டை போட்டது போதாதுன்னு கடலுக்கடியிலயும் வாரியா?" என்று தானும் அழுதாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

வில்வராயன் புள்ளியில்லாத மணிக்கட்டைத் தடவியபடி டீ வாங்கிக்கொண்டிருந்தார். லிங்கத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. அருகில் போய் நின்றார்.

"எப்படிய்யா சம்மதிச்சீங்க? ஜெயிச்சிடலாம்னு நினைச்சீங்களா?"

"தோப்பேன்னு தெரியும் சார். வடிவுக்கு அடுத்து இசக்கிதான். அடுத்து நான், அப்புறம் புளோரா." மீதி நால்வரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு டீயை ஊதினார். "ஒண்ணா ஓட்டிப் பழகுனவங்களுக்குத் தெரியாதா? அங்க கீழ ஒரு சின்னத் தப்புன்னாலும் ரெண்டு உசுரு. அவ இருக்க வேண்டிய எடத்துல நான் போய் உக்காந்தா எனக்கு எப்படி ஒறக்கம் வரும்?"

லிங்கம் நம்பவில்லை. மற்ற ஏழு பேரையும் தனித்தனியே அழைத்து வரிசை கேட்டார். யாரும் யோசிக்கக்கூட இல்லை. ஏழு பேரும் அதே வரிசையைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன்னை மட்டும் ஓரிடம் மேலே ஏற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இசக்கி தன்னை முதலிலும் மைனியை இரண்டாவதாகவும் வைத்தாள். வடிவுக்கு மேலே போக இடமில்லை.

லிங்கம் வில்வராயனிடம் திரும்பி வந்தார். "இத்தனை பேரு புள்ளியும் வீணாப் போச்சே! காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எந்திரத்துக்கிட்டல்ல கேட்டிய? எங்ககிட்ட யாரு கேட்டா?"

லிங்கம் சிரித்துவிட்டார். பிறகு சற்றுப் பெருமையாகவே தன் மணிக்கட்டை நீட்டினார். நான்கு புள்ளிகளும் பச்சையாக இருந்தன. "நல்லவேளை, என்னை இன்னைவரைக்கும் யாரும் யாரோடயும் ஒப்பிட்டதில்ல."

வில்வராயன் டீயைக் குடித்து முடித்தார். "இந்த நெலயத்துக்கு இதுவரைக்கும் அஞ்சு அதிகாரி வந்துருக்காவ சார். நீங்க எத்தனாவதுன்னு எங்க எட்டு பேருக்கும் தெரியும். வேணும்னா கேளுங்க, சொல்லுதேன்."

லிங்கம் கேட்கவில்லை.