வக்கீல் ஸோர்னிட்சாவுக்கு இரங்கல்!

போன் அலறியது.

லிஃப்ட் கதவு அப்போதுதான் மூடியிருந்தது. ஏழாவது மாடியிலிருந்து முனகிக்கொண்டே இறங்க ஆரம்பித்திருந்தது. வீட்டிலிருந்து கிளம்பிய வக்கீல் ஸோர்னிட்சா கானெவா லேப்டாப் பையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் போனைத் துழாவி எடுத்தாள்.

தெரியாத நம்பர்.

"ஹலோ?"

"மேடம்... கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

மிஷினில் போட்டு அரைத்த மாதிரி ஒரு குரல்! ஆணா, பெண்ணா? தெரியவில்லை.

திரும்பினாள்.

பின்சுவரில் ஓர் இரங்கல் தாள். கறுப்புக் கட்டம். உச்சியில் சிலுவை. நடுவில் போட்டோ. பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்தில் அந்தத் தாள் ஒட்டாத வாசல் கிடையாது, மரம் கிடையாது. யார் போனார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம்.

இதில் நகர முடியவில்லை!

போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தவள்... அவளேதான்!

'ஸோர்னிட்சா கானெவா, வழக்கறிஞர். வயது 44. இன்று எங்களை விட்டுப் பிரிந்தார்.'

தடக்!

லிஃப்ட் நின்றது. ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில்.

"எப்படி மேடம்? போட்டோ நல்லா விழுந்திருக்கா?"

"யார் நீங்க?"

"நான் மொட்டை மாடியில, லிஃப்ட் மோட்டார் ரூம்ல இருக்கேன். என் கையில பிரேக் இருக்கு. லேசா காட்டட்டுமா?"

லிஃப்ட் விழுந்தது!

அரை மீட்டர்தான். ஸோர்னிட்சா கூச்சல் போட்டாள். கதவை உதைத்தாள். காலை பதினொன்றே கால். வேலைக்குப் போகிறவர்கள் போயாயிற்று. வீட்டில் இருக்கிற நாலு பெரிசுகளும் டி.வி.யை ஊர் கேட்க வைத்திருப்பார்கள்.

"கத்தி முடிச்சாச்சா? போலீசைக் கூப்பிடணும்னா இந்த லைனைக் கட் பண்ணணும். நீங்க கட் பண்ணா... நானும் கட் பண்ணுவேன்."

"என்ன வேணும்?"

"பன்னெண்டு மணிக்கு நோட்டரி மாஞ்சுகோவைப் பார்க்கப் போறீங்க. லூபெனோட வெப் பக்கத்தை அவர் முன்னாடி திறந்து காட்டப் போறீங்க. அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. அழிங்க!"

லூபென்! ரோஜாத் தோட்டக்காரர்களுக்கு எந்த மணிக்குப் பூப் பறிக்கலாம் என்று சொல்லும் புரோகிராமைத் தனி ஆளாக எழுதியவன். இரண்டு மாதம் முன்பு பால்கனியிலிருந்து விழுந்து செத்துப்போனான். இப்போது அந்தப் புரோகிராமை ஒரு கம்பெனி தன்னுடையது என்கிறது. லூபென் அதை முதன்முதலில் வெளியிட்ட பக்கம், தேதியோடு, அவனுடைய சொந்த சைட்டில் மட்டும் இருக்கிறது. பாஸ்வேர்டை அவன் மனைவி வெலிகா நம்பிக் கொடுத்தது ஸோர்னிட்சாவிடம்.

"அழிச்சா மட்டும்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்."

குரல் சிரித்தது.

"மேடம், போன மாசம் கோர்ட்ல நீங்களே என்ன சொன்னீங்க? 'கனம் நீதிபதி அவர்களே, ஸ்கிரீன்ஷாட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடத் தயாரிக்கும். நோட்டரி கண்ணால பார்த்து, எழுதி, முத்திரை குத்தினாதான் சாட்சி!' நல்லா பேசினீங்க. கை தட்டலாம் போல இருந்துச்சு."

தன் வாயே தனக்கு எதிரி! ஸோர்னிட்சா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"லூபென் கம்ப்யூட்டர்ல ஒரிஜினல் இருக்கும்..."

"அது அவனோடயே பால்கனியிலேர்ந்து விழுந்துச்சு மேடம். தூள் தூள்! அள்ளிப் போட்டாச்சு!"

கம்ப்யூட்டர் விழுந்த விஷயம் போலீஸ் ரிப்போர்ட்டில் இல்லை. அறையில் காணோம் என்றுதான் இருந்தது.

ஆக... தள்ளியவனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள்!

"அழிங்க மேடம். லிஃப்ட் கீழே போகும்... மெதுவா. நீங்க வீட்டுக்குப் போய் பீன் சூப் குடிக்கலாம்."

லேப்டாப்பைத் தரையில் வைத்துத் திறந்தாள். வெலிகாவின் முகம் கண் முன் வந்தது. இரண்டு பிள்ளைகள். புருஷன் விட்டுப்போனது அந்த ஒரு பக்கம்தான்.

பாஸ்வேர்டைப் பாதி அடித்தவள்... மறுபடி அந்த இரங்கல் தாளைப் பார்த்தாள்.

பச்சை ஸ்கார்ஃப். பின்னால் அவள் ஆபீஸ் ஜன்னல்.

"ஒரு சந்தேகம்" என்றாள்.

"என்ன?"

"இன்டர்நெட்ல என் போட்டோ ஒண்ணு கூடக் கிடையாது. இருபது வருஷமா அடுத்தவங்க போட்டோவைத் திருடறவங்க மேல கேஸ் போடறவ நான். என் முகத்தை எவன் கையிலயும் கொடுக்க மாட்டேன். இது நானே எடுத்த செல்ஃபி."

"அதனால?"

"அதனால இந்தப் போட்டோவுக்குச் சொந்தக்காரி நான்தான். அதை ஒரே ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன். சமரசம் பேச உங்க கம்பெனிக்கு வந்தப்போ கேட் பாஸுக்கு வேணும்னு கேட்டீங்களே... மிஸ்டர் ஒக்னியான் ட்ராஷெவ்!"

வாதத்தில் ஜெயித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

குரலில் இருந்த மிஷின் நின்றது. சாதாரணக் குரல். ட்ராஷெவேதான்.

"ஐயோ மேடம்... பேர் சொல்லாம இருந்திருந்தா விட்டிருப்பேனே! உங்களுக்கு எல்லா கேஸ்லயும் ஜெயிச்சாகணும், இல்லையா?"

"ட்ராஷெவ்... கேளுங்க..."

"இனிமே நீங்க அழிச்சாலும் ஒண்ணுதான், அழிக்கலைன்னாலும் ஒண்ணுதான். பாஸ்வேர்ட் உங்களோடயே போயிடும். பன்னெண்டு மணிக்கு யாரும் நோட்டரிகிட்ட போகப் போறதில்லை. பழைய லிஃப்ட். அறுந்துச்சுன்னு எழுதிடுவாங்க."

"இரங்கல் தாள் இங்க ஒட்டியிருக்கே, அதுக்கு என்ன எழுதுவாங்க?"

"கீழே இறங்கி வந்து நானே கிழிச்சுக்கறேன். நீங்க ஆட்சேபிக்க மாட்டீங்க!"

லிஃப்ட் இன்னொரு அரை மீட்டர் இறங்கியது. கம்பி கிறீச்சிட்டது. ஸோர்னிட்சா கையும் முழங்காலும் தரையில் ஊன்ற விழுந்தாள். பயம் என்றால் பயம், அப்படி ஒரு பயம். அழுகை வந்தது. அழுதாள்.

அப்போது...

கீழே வாசல் கதவு திறக்கும் சத்தம்.

படிக்கட்டில் காலடிகள்! ஒன்றல்ல... பத்து... இருபது... முப்பது! நடுவே ஒரு பெண்ணின் விசும்பல்.

"நேத்துக்கூடத் தக்காளி வாங்கிட்டு எதிர்ல வந்தாளே!"

"நாப்பத்தி நாலு ஒரு வயசா?"

"என்ன ஆச்சாம்?"

"யாருக்குத் தெரியும்? வாசல்ல தாளைப் பார்த்துதான் எனக்கே தெரியும்!"

ஸோர்னிட்சா இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"நான் சாகலை...! லிஃப்ட்ல இருக்கேன்...! காப்பாத்துங்க...!"

படிக்கட்டில் காலடிகள் அப்படியே நின்றன.

"ஆண்டவரே! செத்தவ பேசறா!"

தொப்பென்று ஒரு கனமான உடம்பு விழுந்தது. "தண்ணி! தண்ணி!" என்று ஓர் ஆண் குரல். போனில் ட்ராஷெவ் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். லைன் கட்டானது. மேலே இரும்புக் கதவு அறையும் சத்தம். தடதடவென்று அவன் இறங்கி ஓடி வருகிறான்!

ஆனால் எங்கே ஓடுவது? ஒரே படிக்கட்டு. அது நிறைய ஜனம். கையில் பூ, மெழுகுவத்தி.

காலடிகள் மெதுவாயின.

"பெரிய இழப்பு..." ட்ராஷெவின் குரல் சோகத்தில் குழைந்தது. "நல்ல மனுஷி... கொஞ்சம் வழி விடுங்க... எனக்குத் தாங்கலை..."

"ஐயா! நீங்களா!" யாரோ உற்சாகமாகக் கூவினார். "என்னைத் தெரியலையா? கென்கோ! இறுதிச் சடங்கு ஏஜென்சி! காலையில ஆர்டர் கொடுத்தீங்களே!"

"நா... நானா? இல்லையே..."

"நீங்கதான் ஐயா! 'ஒண்ணே ஒண்ணு போதும்'னு சொன்னீங்க. துக்கத்துல என்ன பேசறோம்னே தெரியாதுல்ல, பாவம்! ஒத்தைத் தாள் அடிக்கிற வழக்கம் எங்க தொழில்லயே இல்லைங்க. கட்டுக்கு இருபது. மீதி பத்தொன்பதையும் நானே ஒட்டிட்டேன். இந்த வாசல், பஸ் ஸ்டாப், சர்ச், கோர்ட் கதவு... ஒரு இடம் விடலை!"

"கோர்ட்லயுமா?" ட்ராஷெவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பின்னே? இங்க நிக்கிறவங்க பாதிப் பேர் வக்கீலுங்கதான்!"

ஸோர்னிட்சா லிஃப்டுக்குள்ளிருந்து அலறினாள்.

"அவனைப் பிடிங்க! லூபெனைக் கொன்னவன்! என்னையும் கொல்லப் பார்த்தான்!"

அடுத்து கேட்டது சட்டப்படியான சத்தமாக இல்லை. துணி கிழிந்தது. பல் ஒன்று படியில் உருண்டது. 'பல்லா, பட்டனா?' என்று யாரோ விசாரித்தார்.

மோட்டார் ரூமுக்கு ஓடி யாரோ கையால் சக்கரத்தைச் சுற்றினார்கள். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக நாலாவது மாடிக்கு இறங்கியது. கதவு திறந்தது.

முன்னால் நோட்டரி மாஞ்சுகோவ். கறுப்புக் கோட்டு. கையில் வெள்ளைப் பூங்கொத்து.

"மணி என்ன சார்?" என்றாள்.

"பதினொண்ணு ஐம்பத்தெட்டு."

"முத்திரை இருக்கா?"

"அது இல்லாம நான் பாத்ரூமுக்குக் கூடப் போறதில்லை. ஆனா மேடம்..." மாஞ்சுகோவ் தொண்டையைக் கனைத்தார். "விண்ணப்பதாரர் காலமானதா நகரம் பூரா அறிவிப்பு இருக்கு. உங்க அடையாள அட்டையைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு லூபெனின் பக்கத்தைத் திறந்தாள். மாஞ்சுகோவ் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார், தேதியை இரண்டு முறை படித்தார், எழுதினார். நாலு வக்கீல்கள் ட்ராஷெவின் மேல் வசதியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வந்து விலங்கு மாட்டும்போது முத்திரை இறங்கியது.

டொப்!

வெலிகா ஜெயித்துவிட்டாள்.

மாஞ்சுகோவ் சங்கடத்தோடு பூங்கொத்தை நீட்டினார்.

"வாங்கினது வாங்கிட்டேன்..."

ஸோர்னிட்சா எண்ணினாள். ஆறு. போனவர்களுக்கு இரட்டைப்படை, இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஒரு பூவை உருவி, ட்ராஷெவின் கிழிந்த சட்டைப் பையில் செருகினாள்.

"அஞ்சு எனக்கு. உயிரோட இருக்கேன்ல! இந்த ஒண்ணு உங்களுக்கு... ஜட்ஜ் இன்னொண்ணு குடுத்து ரெட்டைப்படை ஆக்கிடுவாரு!"