உறையாத குழாய்

குழாயை எந்தப் பக்கம் சாய்த்தாலும் உள்ளே இருந்தது தண்ணீராகவே ஓடியது. ரத்தத்திலிருந்து பிரித்த அந்த மஞ்சள் நீர், மருந்து கலந்த சில நொடிகளில் பாலாடைபோல் இறுக வேண்டும். இறுகவில்லை. வெந்நீர்த் தொட்டியின் முனகலும், ஸ்பிரிட் வாடையும், ஜன்னலில் மழையோடு கரைந்துகொண்டிருந்த பகல் வெளிச்சமும் சேர்ந்து, பரிசோதனைக் கூடத்தில் தனியாக இருந்த அவளுடைய பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது.

குழாயில் ஒட்டியிருந்தது தங்கையின் பெயர். மாடியில் பிரசவ அறுவைக்குக் காத்திருந்தாள். உறையாத ரத்தம், கத்தி பட்டால் நிற்காது.

ரத்தம் குறைவாக எடுத்திருந்தால் சோதனை இப்படித் தவறாகக் காட்டும். குழாயில் கோடுவரை நிறைந்திருந்தது. எடுத்து வெகுநேரமானாலும் காட்டும். சற்றுமுன் எடுத்ததுதான். மறுபடி செய்தாள். ஓடியது. சந்தேகம் தீரத் தன் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தாள். அது சட்டென்று உறைந்தது.

தங்கையின் கணவர் முதலில் பழகியது இவளிடம்தான். "அவ சின்னவ. நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்றாள் அம்மா. வயிறு எரிய எரிய விட்டுக்கொடுத்தாள். இன்று காலையில்கூடத் தங்கை இவள் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா வந்தாலே உதைக்கிறான் பாரு" என்று சிரித்தாள்.

தொலைபேசி அடித்தது. மாடி நர்ஸ்.

"அக்கா, தங்கச்சி ரிசல்ட் என்னாச்சு? டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கிறார்."

எதிரே இரண்டு குழாய்கள். ஒன்று இறுகியது. ஒன்று ஓடுவது.

"நார்மல்தான்" என்றாள். தன் ரத்தம் உறைய எடுத்த நொடிகளைச் சொன்னாள்.

மழை வலுத்தது. நாற்காலியை விட்டு அவள் எழவில்லை. மறுபடி தொலைபேசி. எடுத்ததும் குழந்தையின் அழுகை கேட்டது. அதற்குப் பின்னால் யாரோ, "ரத்தம் நிக்க மாட்டேங்குது, இன்னும் துணி குடு" என்று பதறினார்கள். கையிலிருந்து ரிசீவர் நழுவியது.

வெளியே நடையில் காலடிச் சத்தம். ஈரக்கால். மெதுவாக. துருப்பிடித்த இரும்பின் வாடை.

கதவு திறந்தது.

தங்கை. இடுப்புவரை வெள்ளை உடை. கீழே சிவப்பு. ஓடிக்கொண்டே. மார்போடு ஒரு துணிச்சுருள்.

"பிடிச்சுக்கக்கா. என் கை வழுக்குது."

தரையில் கிடந்த ரிசீவருக்குள், மாடியில், குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

துணிக்குள் ஏதோ அசைந்தது. ஈரமான சின்ன விரல்கள் வெளியே வந்து, ஒவ்வொன்றாக, அவளுடைய வெள்ளைக் கோட்டின் நுனியைப் பற்றின.