வெண்பனிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்

அந்தச் சனிக்கிழமை அருவங்காடு மேட்டுத் தெருவுக்கு இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றுக்காக ஷண்முகப்ரியா மாதக்கணக்கில் காத்திருந்தாள். இன்னொன்று வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது கூரியர்காரரின் மொபெட். பெங்களூரில் வேலை பார்க்கும் பிரசாத் சித்தப்பா அனுப்பிய சிடி அதில் இருந்தது. பின்னாலேயே ஒரு லாரி உறுமிக்கொண்டு மேடேறி வந்தது. அது எதிர் வீட்டு வாசலில் போய் நின்றது. எதிர் வீடு கீர்த்திவாசனுடையது.

கீர்த்தியின் அப்பா செந்தில்நாதன் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தார். தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிகூடக் கட்டவில்லை என்று பல தோட்டங்களில் இலை பறிப்பதையே விட்டுவிட்டார்கள். இலை வராத ஃபேக்டரி எப்படி ஓடும்? பூட்டிவிட்டார்கள். இப்போது அவருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சாமான்களை ஏற்றி முடித்ததும் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான்.

ப்ரியா ஜன்னலைத் திறந்து சிடியை ஆட்டிக் காட்டினாள். "டேய் கீர்த்தி! வந்துருச்சுடா!"

கீர்த்தி கையிலிருந்த பாத்திர மூட்டையை அப்படியே தரையில் வைத்தான்.

"அப்பா, கொஞ்ச நேரம் போய்ட்டு வரட்டுங்களா?"

செந்தில்நாதன் லாரியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "போ கண்ணு. ஆனா லாரி ஹாரன் அடிச்சா, பாதியில விட்டுட்டு எந்திரிச்சு வந்துரோணும். ராத்திரிக்குள்ள ஊர் போய்ச் சேரணும்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே கீர்த்தி ப்ரியா வீட்டுக்குள் இருந்தான்.

அந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் உண்டு. இவர்கள் வைத்த பெயர் 'ஏழு கோட்டை'. மந்திரவாதி, டிராகன், பேசும் குதிரை எல்லாம் அதில் உண்டு. வீரனின் பெயர் கீப்ரியன். கீர்த்தியில் பாதி, ப்ரியாவில் பாதி!

ஒரே கீபோர்டில் இருவரும் ஆடுவார்கள். நடப்பது ப்ரியாவின் வேலை. வாள் வீசுவதும் விளக்குப் பிடிப்பதும் கீர்த்தியின் வேலை. ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால் கீப்ரியன் நடுவழியில் மரம் மாதிரி நிற்பான். இப்படியே இருவரும் சேர்ந்து ஏழு கோட்டையையும் பிடித்துவிட்டார்கள்.

இப்போது வந்திருப்பது தனி ஆட்டம் இல்லை. பழைய வீட்டின் மேல் மாடி எடுப்பதுபோல, பழைய ஆட்டத்தின் மேல் புதுக் கதை ஒன்றை ஏற்றுகிற சிடி. கதையின் பெயர் 'வெண்பனிப் பாலம்'. "முதல்ல பாக்கறப்ப எப்படி இருக்குதுன்னு சாயங்காலம் எனக்குச் சொல்லோணும்," என்று சித்தப்பா போனில் கட்டளையே போட்டிருந்தார்.

சிடியைப் போட்டார்கள். திரையில் நீலக் கோடு நத்தை வேகத்தில் நகர்ந்தது. வெளியே பீரோ லாரியில் ஏறியது. நீலக் கோடு பாதிக்கு வந்தபோது கட்டில் ஏறிவிட்டது.

"அவங்க நம்மளவிட ஃபாஸ்டா இருக்காங்க," என்றான் கீர்த்தி. அவன் சிரிக்கவில்லை.

ஒருவழியாகக் கதை தொடங்கியது. புல்லாங்குழல் இசை. ஒரு மலையூர். வீடுகளின் கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு மனிதரையும் காணோம். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"பாட்டு நல்லா இருக்குதுல்ல?" என்றாள் ப்ரியா.

"ம். ஆனா பேசற குதிரையைக் காணோம். சண்டையும் வரல." கீர்த்தி திரையை உற்றுப் பார்த்தான். "இந்த ஊர்லயும் எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க போல."

ப்ரியா கீபோர்டுக்குத் திரும்பினாள். அம்புக்குறியை அழுத்தி வேகமாக நடந்தாள்.

ஊர்க்கோடியில் ஒரு கொல்லன் இருந்தான். பனி மூடிய காட்டைத் தாண்டினால் பெரிய பாலம் வரும், பாலத்தின் முன்னால் ஒரு கல்விளக்கு உண்டு, அதை ஏற்றினால்தான் ஆட்டம் சேவ் ஆகும் என்று அவன் சொன்னான். அதற்கு முன்னால் விழுந்தால் திரும்பவும் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் தாடியைத் தடவினான்.

"அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு பார்த்துட்டுத்தான் நான் லாரி ஏறுவேன்," என்றான் கீர்த்தி.

கொல்லன் இரண்டு விளக்குகளை நீட்டினான். ஒன்று கொழுந்துவிட்டு எரியும் பெரிய தீப்பந்தம். இன்னொன்று மஞ்சள் கண்ணாடி போட்ட சின்ன லாந்தர்.

"பெருசு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

காட்டுக்குள் நுழைந்தார்கள். பந்தம் தகதகவென்று எரிந்தது. ஆனால் திரை முழுக்க வெள்ளை! சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே வெள்ளை. வழி தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு பனி ஓநாய் பாய்ந்தது. கீர்த்தி வாள் வீசுவதற்குள் கீப்ரியன் விழுந்துவிட்டான்.

மறுபடி ஊர். மறுபடி நாய். மறுபடி பந்தம். இந்த முறை மூன்று ஓநாய்கள்.

"நீ ஏன் அந்தப் பக்கம் திருப்பின?"

"எந்தப் பக்கம்னே தெரியலடா! நீ ஏன் முன்னாடியே வெட்டல?"

வெளியே குக்கரும் குடமும் உருளும் சத்தம் கேட்டது. லாரியில் பாதிக்குமேல் நிறைந்துவிட்டது. மலைக்குமேலிருந்து நிஜப் பனியும் இறங்க ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது முறையும் கீப்ரியன் விழுந்தான். கீர்த்தியின் முகம் சுருங்கிவிட்டது. அவனைத் தேற்ற நினைத்து ப்ரியா அவசரப்பட்டு ஒன்றைச் சொன்னாள்.

"விடுடா. நீ போனதுக்கப்புறம் நான் பொறுமையா ஆடிப் பார்த்துக்கறேன்."

கீர்த்தி கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"ஆமா. நீ ஆடிக்குவ," என்றான் மெதுவாக. "எனக்குத்தான் அங்க கம்ப்யூட்டர் இல்லையே."

ப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். அதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா?

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மேசைக்கு அடியில் இருந்த யூபிஎஸ் 'பீப்... பீப்...' என்று அலறத் தொடங்கியது. அது அப்பா பழசாக வாங்கியது. கொஞ்ச நேரம்தான் தாங்கும். பீப் சத்தம் நெருங்க நெருங்க அதன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"ப்ரியா! கம்ப்யூட்டரை அணைச்சுரு கண்ணு!" சமையலறையிலிருந்து அம்மா அம்சவேணி குரல் கொடுத்தார்.

"இதோ சேவ் பண்ணிட்டு அணைக்கறேம்மா!"

"எதைச் சேவ் பண்ணுவ? நாம இன்னும் காட்டையே தாண்டல," என்றான் கீர்த்தி. "ஹாரன் அடிக்கறதுக்குள்ள ஆகாது. விடு."

ப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அழுகை வந்துவிடும்போல இருந்தது. அதை அவன் பார்க்கக் கூடாது.

வெளியே டிரைவர் இருளப்பன் லாரியின் முன்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். ஹெட்லைட்டின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். பனி இறங்கினால் மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் செய்கிற வேலைதான். லைட்டைப் பிரகாசமாகப் போட்டால் பனியில் பட்டு வெளிச்சம் கண்ணுக்கே திரும்பி வரும், ரோடு தெரியாது. அதனால் மஞ்சள் வெளிச்சம், அதையும் தாழ்த்திப் போட்டு, ரோட்டோரத்தைப் பிடித்தபடியே போவார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து ப்ரியா தினமும் பார்க்கிற காட்சி அது.

"டேய்!" என்று கத்தினாள். "மஞ்சள்!"

"என்ன மஞ்சள்?"

"சின்ன லாந்தர்! பனியில யாராவது பெரிய லைட்டு போடுவாங்களாடா? சமவெளிக்காரங்க போட்டா சரி. குன்னூர் ரோட்டுல தினம் போற நாமளே போட்டிருக்கோம் பாரு!"

கீர்த்தி ஒரு நொடி விழித்தான். அடுத்த நொடி அவன் கை கீபோர்டில் இருந்தது.

மஞ்சள் லாந்தரை வாங்கினார்கள். 'பீப், பீப்.' காட்டுக்குள் நுழைந்தார்கள். வெள்ளைச் சுவர் இப்போது இல்லை. கீப்ரியனின் காலடியில் கொஞ்சம் பாதை தெரிந்தது. ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள்!

"ஓரத்தைப் பிடிச்சே போ," என்று கிசுகிசுத்தான் கீர்த்தி, ஏதோ ஓநாய்க்குக் காது கேட்டுவிடும் என்பதுபோல.

உறுமல் கேட்டது. பனிக்குள் ஒரு நிழல் நகர்ந்தது. கீர்த்தியின் விரல் வாளை நோக்கிப் போனது.

"வெட்டட்டுமா?"

"வேண்டாம். விளக்கைத் தாழ்த்திப் பிடி. அதுக்கு நம்மளத் தெரியல."

நிழல் பக்கத்தில் வந்தது. மோப்பம் பிடித்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். நிழல் மெல்ல விலகிப் போனது. 'பீப்பீப், பீப்பீப்' என்று யூபிஎஸ் மூச்சு வாங்கியது. வெளியே லாரியின் பின்கதவு 'டமார்' என்று மூடியது.

"தெரியுது! கல்விளக்கு தெரியுது!"

"ஏத்துடா, ஏத்து!"

கீர்த்தி விளக்கை ஏற்றினான். பனி திரைபோல விலகியது. மேகத்துக்கு நடுவே, முனையே தெரியாத ஒரு வெள்ளைப் பாலம். இருவரும் திரையை ஒட்டிக் குனிந்தார்கள். மூலையில் 'சேவ் ஆகிவிட்டது' என்ற எழுத்து வந்தது. உடனே 'பீ...' என்று நீளமாக ஒரு சத்தம். திரை கறுத்தது.

ஹாரன் அடித்தது.

கீர்த்தி எழுந்தான். கறுத்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு பார்த்துட்டு போன்ல சொல்லு," என்றான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ப்ரியா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்தால் போதும், பாலத்தைத் தாண்டிவிடலாம். ஆசை இல்லாமலா? கழுத்து வரைக்கும் ஆசை இருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நடக்க அவள் இருக்கிறாள், விளக்குப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

அவள் சட்டென்று எழுந்து, சிடி வெளியே வரும் பட்டனை அழுத்தினாள். வரவில்லை. கரண்ட் இல்லாமல் அது எப்படி வரும்!

மறுபடி ஹாரன் அடித்தது. லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

சிடி தட்டுக்குக் கீழே ஒரு குட்டித் துளை இருப்பது ப்ரியாவுக்கு ஞாபகம் வந்தது. ஒருமுறை சிடி மாட்டிக்கொண்டபோது சித்தப்பா அதில் கம்பியை விட்டு எடுத்திருந்தார். அவளுடைய ஸ்வெட்டரில் பட்டன் போன இடத்தில் அம்மா ஊக்கு குத்தியிருந்தார். அதைப் பிடுங்கினாள். துளைக்குள் விட்டாள். வழுக்கியது. மறுபடி விட்டு அழுத்தினாள். 'கடக்.' தட்டு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. நகத்தால் இழுத்து சிடியை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"ஏனுங்க! லாரியை நிறுத்துங்க! நிறுத்துங்க!"

பனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்த லாரி நின்றது. இருளப்பன் தலையை நீட்டினார். "பாத்து வா பாப்பா! பனியில இப்படியா ஓடியார்றது?"

ப்ரியா மறுபக்கம் ஓடி, ஜன்னலில் உட்கார்ந்திருந்த கீர்த்தியிடம் சிடியை நீட்டினாள்.

"இந்தா."

"இது உன் சிடி. எனக்கு எதுக்கு? அங்க கம்ப்யூட்டர் இல்லைன்னு சொன்னேன்ல?"

"இங்கதான் கம்ப்யூட்டர் இருக்குது. ஆனா சிடி உள்ள இல்லைன்னா ஆட்டம் திறக்காது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப உன்னாலயும் ஆட முடியாது, என்னாலயும் ஆட முடியாது. மே மாசம் லீவுல மலர்க் கண்காட்சி பாக்க வர்றப்ப கொண்டா. சேர்ந்து தாண்டலாம்."

கீர்த்தி சிடியைப் பார்த்தான், ப்ரியாவைப் பார்த்தான். வந்த நாளே அதை யாராவது கொடுப்பார்களா? அவன் கண் கலங்கியது. அதை மறைக்கக் குனிந்து, சிடியை ஸ்வெட்டருக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டான்.

"கீறல் விழாம வெச்சுக்கறேன்," என்றான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "மே மாசம் வருவோமுங்களா?"

"வந்துதானே ஆவோணும்," என்றார் செந்தில்நாதன். "சிடி நம்மகிட்டல்ல இருக்குது!"

கீர்த்தி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.

லாரி மஞ்சள் வெளிச்சத்தைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு, ரோட்டோரத்தைப் பிடித்தபடி வளைவில் இறங்கி மறைந்தது. ப்ரியா ஸ்வெட்டரைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஊக்கு எங்கடி?" என்றார் அம்மா.

"கம்ப்யூட்டர்ல இருக்குதும்மா," என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் சொன்னபடி சித்தப்பா போன் செய்தார்.

"என்ன ப்ரியா, புதுக் கதை எப்படி இருக்குது?"

"பாட்டு ரொம்ப நல்லா இருக்குதுங்க சித்தப்பா. குதிரை இல்லாததுதான் குறை. ஓநாய் நிஜமாவே பயமா இருக்குது. நீங்க ஆடினா பெரிய பந்தத்தை மட்டும் எடுத்தராதீங்க."

"சரி, பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குது? அதைச் சொல்லு!"

"அது மே மாசம்தானுங்க தெரியும்," என்றாள் ப்ரியா. "கீப்ரியன் கல்விளக்குகிட்ட உட்கார்ந்திருக்கான். கீர்த்தி வரட்டும்."