எண்ணெய் வைத்த தலை

"அன்ரனிட்டாவின்ர மண்டைக்குள்ள ஒண்டுமில்லை!" என்று றெக்ஷன் வகுப்பில் என்னைக் காட்டிக் கத்தினான்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. ரீச்சர் கணக்குச் சொல்லத் தொடங்கினால் என் மனம் யன்னலால் வெளியே போய்விடும்; உடம்பு மட்டும் கதிரையில் நெளிந்துகொண்டிருக்கும். அதனால்தான் யாழ்ப்பாணத்து டொக்டர் என் மூளையின் அலைகளைப் படம் எடுக்கச் சொன்னார்.

படத்தில் ஒன்றுமே விழாவிட்டால்? றெக்ஷன் சொன்னது உண்மையாகிவிடுமே!

"ரவுணுக்குப் பரட்டைத் தலையோட போறதோ?" என்று அம்மா என் தலையில் நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்து, இறுக்கிப் பின்னிவிட்டார். ஊர்காவற்றுறையில் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற பிரேமினி அக்கா என் தலையைத் தொட்டுப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, எண்ணெய் வழியுது! வயர் ஒண்டும் ஒட்டாதே!"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப இன்னொரு நாள் வரவேணுமோ?"

"சவர்க்காரம் இருக்கோ அக்கா? நான் இப்பவே முழுகிறன்" என்றேன்.

குழாயடியில் தலை முழுகினேன். அம்மா முந்தானையால் துவட்டிவிட்டார். பிரேமினி அக்கா சிரித்தபடியே தலை முழுக்க வயர்களை ஒட்டினார்.

"இனிக் கண்ணை மூடும். ஆடினா படம் பழுதாப் போகும்."

நானா? ஆடாமலா? கால் அப்போதே துள்ளத் தொடங்கியது.

அப்போது அப்பாவின் வள்ளம் நினைவுக்கு வந்தது. சவூதிக்குப் போகுமுன் அப்பா என்னையும் கடலுக்குக் கூட்டிப்போவார். தூண்டிலைப் போட்டுவிட்டு, "அசையாதை குஞ்சு, மீன் ஒட்டுக் கேக்குது" என்பார். வள்ளத்தின் அடியில் தண்ணீர் சளக் சளக் என்னும். அங்கே மட்டும் நான் அசைந்ததேயில்லை. அந்தச் சத்தத்தையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"முடிஞ்சுது! நல்ல பிள்ளை" என்றார் அக்கா.

பயந்து பயந்து கொம்பியூட்டர் திரையைப் பார்த்தேன். அடேயப்பா! மண்கும்பான் கடலில் காற்று நாளில் வருவது போல, நிரை நிரையாக அலைகள்!

டொக்டரும் வந்து பார்த்தார். "உம்மட கவனம் ஏன் அலையுதெண்டு இது மட்டும் சொல்லாது. அம்மாவிட்டையும் ரீச்சரிட்டையும் கேட்டுத்தான் நான் சொல்லுவன். பயப்பிடாதையும்."

நான் ஏன் பயப்படப்போகிறேன்? அம்மாவிடம் சொல்லி, அந்தத் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

பின்னேரம் அப்பா போனில் கதைத்தார். கடலே இல்லாத ஊரில்தான் அவருக்கு வேலை.

"அப்பா, என்ர மண்டைக்குள்ள ஒண்டுமில்லையெண்டு றெக்ஷன் சொன்னவன். பச்சைப் பொய்! உள்ளுக்க ஒரு கடலே இருக்கு! படம் பிடிச்சு வைச்சிருக்கிறன்!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு குஞ்சு. நான் கடலைப் பாத்துக் கனகாலம்."