முதுகு சொன்ன எடை

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிக்கு ஐம்பத்து நாலு படி. வெள்ளிக்கிழமை காலை ஆனால் அக்காவை முதுகில் சுமந்து இறங்குவேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எடை பார்த்து, மதியத்துக்குள் மறுபடி சுமந்து ஏறுவேன்.

எனக்கு அது பெரிய வேலை இல்லை. முப்பது வருசமாகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். முதுகில் ஏறின நிமிசம் இது இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன், அரைக் கிலோ முன்னே பின்னே போகாது. அதனால் கிடங்கில் எனக்குத் தராசு என்று பேர். அக்காவும் கொஞ்ச நாளில் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவள், அவளுக்கு நான். வேறு யாரும் கிடையாது.

அக்கா ஒரு மில் கேண்டீனில் இருபத்திரண்டு வருசம் நின்றுகொண்டே சமைத்தவள். முட்டி இரண்டும் தேய்ந்துபோய்விட்டது. தானாகப் படி ஏறினால் ஒரு காலை வைப்பாள், மற்ற காலைப் பக்கத்தில் இழுத்து வைப்பாள், ஒரு பெருமூச்சு விடுவாள். தப், சர்ர், உஸ். ஒரு மாடிக்கே அரை மணி நேரம் ஆகும். அதனால் நான் குனிவேன். அவள் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, பஸ் கண்டக்டர் மாதிரி என் வலது தோளில் இரண்டு தட்டு தட்டுவாள்.

"ரைட், போலாம்."

எலும்பு டாக்டர் முட்டியை மாற்றிவிடலாம் என்றார். ஆனால் தொண்ணூற்று நாலு கிலோவோடு மேசையில் ஏற்ற முடியாது, எழுபதுக்கு வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். முட்டியை மாற்றாவிட்டால் இன்னும் ஒரு வருசத்தில் படுக்கைதான். எடை குறைக்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் பசியை அடக்குகிற மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, ஒன்றே ஒன்று. நெஞ்சு படபடத்தாலோ, தூக்கம் போனாலோ, இல்லாதது கண்ணில் பட்டாலோ அன்றைக்கே வந்து சொல்லணும் என்று என்னையும் பார்த்துச் சொன்னார். தலையை ஆட்டினேன்.

முதல் மாதம் அக்காவுக்குக் கொண்டாட்டம். எடை பார்க்கிற நர்ஸம்மா அட்டையில் எண்பத்தெட்டு என்று எழுதினாள். ஆறு கிலோ போயிருந்தது. வழியெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். கேண்டீனில் மிச்சம் விழாமல் பார்த்துக்கொண்டது யார் என்று நினைத்தாய், இந்த வயிறுதான், அதையே பூட்டிவிட்டார்கள் பார் என்றாள்.

வீட்டுப் படியில் குனிந்தேன். ஏறினாள். இரண்டு தட்டு.

தொண்ணூற்று நாலு.

எனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் கிடங்கில், எடை எழுதின பக்கத்தைப் பார்க்காமல் பத்து மூட்டை தூக்கினேன். பத்தும் சரியாகச் சொன்னேன். முதுகு பொய் சொல்லவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் இதுதான். அட்டையில் எண்பத்தைந்து, என் முதுகில் தொண்ணூற்று நாலு. அட்டையில் எண்பத்திரண்டு, முதுகில் தொண்ணூற்று நாலு. கன்னம் ஒட்டி, ரவிக்கை தோளில் தொங்கி, மணிக்கட்டு எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் படியில் ஒரு கிராம் குறையவில்லை.

போனது எங்கேயும் போகவில்லை. கூடவே ஏறிக்கொண்டிருந்தது.

அக்காவின் வாய் காய்ந்துபோனது. பேசும்போது நாக்கு மேலே ஒட்டி, பிரிகிற சத்தம் கேட்கும். தூங்கவே மாட்டாள். சும்மா ஒரு டம்ளர் இடம் மாறி இருந்தால் சீறி விழுவாள். மதியம் தட்டு வைத்தால் தொடாமல் எதிரே சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில்தான் அந்த வாசனை வரும். அடுப்பில் வெறும் பாத்திரம் தீயில் காய்ந்துகொண்டிருக்கிற வாசனை. ஓடிப்போய்ப் பார்ப்பேன். அடுப்பு சில்லென்று இருக்கும்.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கிடங்குக்கு எடுத்துப்போனேன். நான் எழுத்துக் கற்றது நாற்பது வயசுக்கு மேல். அந்தப் பொடி எழுத்தை முடிக்க இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் ஆனது. வாய் வறட்சி, தூக்கமின்மை, எரிச்சல், படபடப்பு எல்லாம் இருந்தது. எல்லாமே சாப்பிடுகிறவர்களுக்கு வரக்கூடியது. தூக்குகிறவனுக்கு என்ன வரும் என்று ஒரு வரி இல்லை.

அட்டையில் எழுபத்தெட்டு வந்த வெள்ளிக்கிழமை, வெயில் நேரம். படிக்கட்டில் ஈ காக்கை இல்லை. முதல் மாடி தாண்டும்போது வலது காதோரம் அக்காவின் மூச்சு கேட்டது, நாய் இளைக்கிற மாதிரி. முதுகில் அவள் நெஞ்சு தையல் மிஷின் போல அடித்தது.

இடது காதோரமும் ஒரு மூச்சு கேட்டது.

அது நிதானமாக இருந்தது.

அக்காவின் இரண்டு கையும் என் கழுத்தில் கோர்த்திருந்தன. நான் குனிந்து பார்த்தேன், விரல்கள் தெரிந்தன. என் இடுப்பு வேட்டியை இன்னொரு கை பிடித்திருந்தது.

நான் நிற்கவில்லை. மூட்டை தூக்குகிறவன் நடுப்படியில் நின்றால் விழுவான்.

வீட்டில் இறக்கிவிட்டு, டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை கொதித்தது.

"படபடப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா மாத்திரைய நிறுத்திருவாருடா. இன்னும் எட்டு கிலோதான்."

"நீ ஒண்ணுதான போடுற?"

என் கையை விட்டாள். ஒரு மாதமாக இரண்டு போடுவதாகச் சொன்னாள். இன்னொரு பெட்டி வேண்டும் என்று அவள் கேட்டபோது, கிடங்குக்குப் பின்னால் இருக்கிற கடையில் சீட்டைக் காட்டித் தனியாக வாங்கிக்கொடுத்தது நான்தான். எதற்கு என்று அப்போது கேட்கவில்லை.

அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே, குரலை இறக்கிச் சொன்னாள்.

"தட்டு வச்சா எதிர்ல வந்து உக்காருதுடா. என்ன மாதிரியே இருக்கு. குண்டா இருந்தப்ப இருந்த மாதிரி. எனக்கு எங்கன்னு கேக்குது."

டாக்டரிடம் நான் சொல்லவில்லை. எழுபதுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அட்டை எழுபத்து மூன்றில் இருந்தபோது விழுந்தாள். பகல் பதினோரு மணிக்கு, குளியலறை வாசலில். உதடு நீலம். அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தோளில் தட்டு எதுவும் விழவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் பிடி நழுவி, அவளைத் தரையில் உட்கார வைத்து மூச்சு வாங்கினேன். மறுபடி தூக்கினேன்.

எழுபத்து மூணு.

மூன்று மாதத்தில் முதல் தடவை அட்டையும் முதுகும் ஒரே எடை சொன்னது. மிச்சம் இருபத்தொரு கிலோ அந்தத் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாத்திரை, படபடப்பு, கடை எல்லாம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருதயம் தாளம் தப்பி அடிக்கிறது, மாத்திரை இனி கிடையாது, இரண்டு நாளில் பசி தானாக வரும், பசி வந்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார்.

இரண்டு நாளில் வரவில்லை. நாலு நாளாகியும் வரவில்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபமாகக்கூட இல்லை. பசி என்றால் எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டது, நீ சொல்லு பார்ப்போம் என்று என்னையே கேட்டாள். டாக்டர் கட்டில் ஓரம் நின்று தாடையைத் தடவினார். இப்படியே போனால் தாங்காது என்றார்.

அவளுடைய பசி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மதியம் வீட்டுக்குப் போனேன். மாற்றுத்துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. யாரும் இல்லை. அந்த வாசனை மட்டும் இருந்தது, வெறும் பாத்திரம் காய்கிற வாசனை. சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

"வா, போலாம்" என்றேன்.

ஏறியது.

இருபத்தொன்று. தோளில் தட்டவில்லை.

ஆஸ்பத்திரி வரை நடந்தே போனேன். வழியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை, நான் மட்டும் கூனி நடந்தேன். எடை அறையைத் தாண்டும்போது ஒரு சந்தேகம். நாம்தான் புத்தி கெட்டு அலைகிறோமோ என்று மிஷினில் ஏறி நின்றேன். நர்ஸம்மா தலை நிமிராமல் அட்டை எழுதிக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் முள்ளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா ஏறாதீங்கண்ணே. ஒருத்தர் இறங்குங்க."

இறங்கி, வார்டுக்குள் போனேன்.

அக்கா கண் மூடிப் படுத்திருந்தாள். அவளை இறக்குகிற மாதிரியே கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைத் தளர்த்தினேன். பாரம் போனது. கட்டில் கிறீச்சிட்டது. பின்னால் ஒரே ஒரு தடவை அக்கா "டேய்" என்றாள், யாரோ தள்ளிவிட்ட மாதிரி.

திரும்பினேன். கண் திறந்திருந்தாள்.

"பசிக்குது."

அன்றைக்கு மூன்று தட்டு சாப்பிட்டாள். மறுநாள் ஐந்து. டாக்டர் சிரித்தார், நர்ஸம்மா கைதட்டினாள், நான் வராந்தாவில் நின்று அழுதேன். வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுதின எடை எழுபத்தாறு.

கட்டட வாசலில் குனிந்தேன். ஏறினாள். தோளில் தட்டுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

இருபத்தொரு கிலோ.

என்னால் நிமிரவே முடியவில்லை, பாரத்தால் இல்லை. கழுத்தைச் சுற்றி அக்காவின் கைதான், அக்காவின் வளையல்தான். முதுகில் இருந்தது அக்கா இல்லை. ஒரு படி வைத்தேன். இரண்டாவது படி வைத்தேன். பட்டப்பகல், தெருவில் வண்டிச் சத்தம், யாரோ துணி உதறுகிற சத்தம்.

அதற்கெல்லாம் கீழே, எனக்குப் பின்னால், வாசல் படியில்:

தப். சர்ர். உஸ்.

நான் நின்றேன். இடது காதோரம் நிதானமான அந்த மூச்சு வந்தது.

"திரும்பாத. பசிக்குது, மேல போ."

ஏறினேன். அதுவும் பின்னால் ஏறியது, ஒரு கால், இழுத்து வைக்கிற கால், ஒரு பெருமூச்சு. நான் மேலே போகப் போகச் சத்தம் பின்தங்கியது. வீட்டில் முதுகை இறக்கிவிட்டு, தட்டு நிறையப் போட்டு முன்னால் வைத்தேன். என்னைப் பார்க்காமல் தின்ன ஆரம்பித்தது. அக்கா எப்போதும் முதல் வாயை எனக்கு நீட்டுவாள். இது நீட்டவில்லை.

அரை மணி நேரம் கழித்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரும் இல்லை. வெயில் மட்டும். தரையில் இருந்து கொஞ்ச உயரத்தில், நிற்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறவள் விடுகிற மூச்சு மாதிரி ஒன்று.

நான் முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

மெதுவாக ஏறியது. முட்டி வலிக்கிறவள் எப்படி ஏறுவாளோ, அப்படி.

எழுபத்து மூணு.

மேலே, மூடின கதவுக்குப் பின்னால், காலித் தட்டைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. டேய், டேய் என்று அக்காவின் தொண்டையில் ஒரு குரல் கூப்பிட்டது. எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல், ஐம்பத்து நாலு படிக்கு நடுவில், அவளைச் சுமந்துகொண்டு நின்றேன்.

வலது தோளில் இரண்டு தட்டு விழுந்தது.