குண்டுமணிக்கு அங்கே வேறு பெயர்

சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் வாலுவை யாராலும் அசைக்க முடியாது. போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, கதைப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வாள். தூர தேசத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அம்மாவுக்கு அப்போதுதான் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பதினைந்து நிமிடம் கிடைக்கும். வாலு படிப்பாள்; அம்மா சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள்.

அன்று அம்மாவின் கையிலும் ஒரு புத்தகம் இருந்தது. அதே அட்டை. மஞ்சள் குடை பிடித்த தபால்கார நீர்யானை.

“இங்க கடையில பாத்தேன்டி. விடுவேனா? இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே பக்கம் திருப்பலாம். இன்னைக்கு நான் படிக்கிறேன்.”

வாலுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அம்மா அந்த ஊர் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். “மோர்லோ காலையில எழுந்து, பல்லு தேய்ச்சு…”

“மோர்லோவா? அது யாரு?”

“நம்ம நீர்யானைதான்.”

“அது குண்டுமணிம்மா!”

“இதுல மோர்லோன்னுதானே போட்டிருக்கு.”

வாலுவின் முகம் தொங்கிப்போனது. “தப்பான புத்தகம் வாங்கிட்டே.”

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அப்பா தலையை நீட்டினார். “தப்பில்லடா கண்ணு. அந்தந்த ஊருப் பிள்ளைங்க வாயில நுழையற மாதிரி பேரை மாத்திடுவாங்க.”

“குண்டுமணிகிட்ட கேட்டாங்களா?”

அப்பா பொத்தானுக்கே திரும்பிவிட்டார்.

வாலுவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. “அம்மா, உன்னை அங்க என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க?”

அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள். “என் பேரு நீளமாச்சே. முதல் ரெண்டு எழுத்தை மட்டும் வச்சுக்கிட்டாங்க.”

“மிச்சத்தை என்ன பண்ணாங்க?”

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “முதல்ல எல்லாம், வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சு நான் பாட்டுக்குப் போயிடுவேன். இப்ப பழகிடுச்சு.”

பழகிடுச்சு என்று அம்மா சொன்னது வாலுவுக்குப் பிடிக்கவே இல்லை. இப்படியே பழகிப் பழகி அம்மா வேறு யாரோ ஆகிவிட்டால்?

அவள் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். “உன் மோர்லோ எட்டாம் பக்கத்துல சேத்துல வழுக்கி விழறானா?”

“விழறான். நாலு காலும் ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு.”

“அழுதுட்டு, அப்புறம் கடுதாசியை எல்லாம் தொடைச்சு எடுக்கறானா?”

“ஆமாடி, அதே மாதிரிதான்.”

“அப்ப நம்ம ஆளேதான்.” வாலு பெரிதாக மூச்சு விட்டாள். “யாரு எப்படிக் கூப்பிட்டா என்ன?”

“அதானே! பேரு போனா போகுது,” என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, “ஆனா இங்க என்னை அம்மான்னு கூப்பிட ஒருத்தர்கூட இல்லடி. அதுதான் தாங்கல,” என்றாள். கடிகாரத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, டூட்டிக்கு நேரமாச்சு.”

“இரு, இரு!” வாலு போனை வாயருகே கொண்டுபோனாள். “அம்மா! இது மத்தியானத்துக்கு. அம்மா! இது நீ பஸ்ல போறப்போ. அம்மா! இது நாளைக்குக் காலையில எழுந்திருக்கிறப்போ. இதெல்லாம் தீர்றதுக்குள்ள நான் மறுபடி பேசிடுவேன்.”

அம்மா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இன்னும் ஒண்ணு சேர்த்துக் குடுடி. நடுவுல தேவைப்படும்.”

“அம்மா!” என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்தினாள் வாலு.